ஊரின் மரணக் கணக்கு: கட்சிரோலி மருத்துவர் காட்டிய வழி

காவிரிப் பாசனப் பகுதியின் உழவர் கணக்கிற்குப் புதியவர் அல்லர். மேட்டூர் அணையில் திறந்த நீர் கடைமடைக்கு எத்தனை நாளில் வந்து சேரும், ஒரு மா நிலத்திற்கு எவ்வளவு விதை வேண்டும், சென்ற சம்பாவில் கண்டுமுதல் எவ்வளவு, நடவுக்கூலி எவ்வளவு என்பனவற்றை அவர் ஏட்டைப் பாராமலே சொல்ல வல்லவர். பஞ்சாயத்து அலுவலகத்திலும் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தெருவிளக்கு, சாலைப் பணி ஆகிய ஒவ்வொன்றிற்கும் பதிவேடு உண்டு. ஆயினும் ஒரு கணக்கு மட்டும் பெரும்பாலான ஊர்களில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சென்ற ஆண்டில் நம் ஊரில் எத்தனை குழந்தைகள் பிறந்தன? அவற்றுள் எத்தனை ஓராண்டு நிறைவெய்தாமல் மறைந்தன? வயலில் பாம்பு தீண்டியவர் எத்தனை பேர்? அவர்களுள் மருத்துவமனையை அடையாமலே மாண்டவர் எத்தனை பேர்? இவ்வினாக்களுக்குக் கிராம சபையில் உடனே விடையளிக்கக்கூடிய பஞ்சாயத்துகள் மிகச் சிலவே.

வளர்ச்சிப் பணிக் கூட்டங்களில் மதகு, சாலை, கட்டடம் ஆகியவை பற்றிக் கேட்போர் பலர். மரணங்களைப் பற்றிக் கேட்போர் அரியர். விதியின் பயன் என்று எண்ணி அமைதி கொள்வது நம் மரபு. துயருற்ற குடும்பத்திற்கு அது ஆறுதலாகலாம். ஆனால் ஊர்ப்பொறுப்பை ஏற்றவர்கள் அவ்வாறு அமைதல் தகாது. பத்து வீடுகளில் ஒரே வகையாக நிகழ்ந்த மரணங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். காரணம் புலப்பட்டால் தடுக்கும் வழியும் புலப்படும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் பணியால் மெய்ப்பித்துக் காட்டிய மருத்துவர் ஒருவரைப் பற்றியும், அவருடைய அனுபவத்திலிருந்து நம் ஊராட்சிகள் கொள்ளத்தக்க பாடத்தைப் பற்றியும் இங்கே கூற விரும்புகிறேன்.

நோய்ப்பரவலியல் என்பது யாது?

நோயாளியை நோக்கிச் சிகிச்சை அளிப்பவர் வைத்தியர். ஊரையே நோயாளியாகக் கொண்டு ஆராய்பவர் நோய்ப்பரவலியல் அறிஞர். எந்த நோய் எங்கே, எப்பொழுது, எவரிடத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பதும், அவ்வெண்ணிக்கையிலிருந்து காரணத்தை உய்த்துணர்வதும் அவருடைய தொழில். 1854ஆம் ஆண்டில் லண்டன் நகரின் ஒரு பகுதியில் காலரா பரவிப் பத்து நாட்களில் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எந்தக் குழாயில் நீர் எடுத்தனர் என்று விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஒரே கைப்பம்பின் நீரைப் பருகியவர் என்பது வெளியாயிற்று. அவருடைய வேண்டுகோளின்படி அப்பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. காலராவின் கிருமியை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்து ஏற்றுக்கொள்ளுமுன்னரே, எண்ணிக்கையைக் கொண்டு நீரே குற்றவாளி என்று அவர் நிறுவினார். வாய்க்கால் நீரையும் குளத்து நீரையும் பருகி வாழ்ந்த நம் டெல்டாக் கிராமங்களுக்குக் காலராவின் கொடுமை முன்னாளில் நன்கு தெரிந்த ஒன்றே.

உழவர்களுக்கு இம்முறை அந்நியமன்று. ஒரு வயலில் பயிர் பழுத்தால் உழவர் அந்த ஒரு பயிரை மட்டும் நோக்குவதில்லை. பக்கத்து வயலும் பழுத்திருக்கிறதா, மேட்டுப்பாங்கிலா பள்ளத்திலா, எந்த நாற்றங்காலிலிருந்து வந்த நாற்று, எந்த வாய்க்காலின் நீர் என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறார். மனிதருடைய நோய்க்கும் இதே ஒப்பீட்டைச் செய்வதுதான் நோய்ப்பரவலியல்.

பழங்குடி மக்களும் நாமும்

2011ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பழங்குடி மக்கள் 10 கோடிக்கும் மேற்பட்டோர். மருத்துவமனைக்குத் தொலைவிலும், அலுவலர்களின் கண்ணுக்கு அப்பாலும் வாழ்வோர் அவர்களுள் பலர். ஆகவே எண்ணப்படாத மரணங்களும் அங்கேதான் மிகுதி. இவ்விஷயம் நெல் விளையும் தஞ்சைக்கு என்ன தொடர்புடையது என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. வயலில் நாகமோ கண்ணாடி விரியனோ தீண்டிய உழவருக்கு மருத்துவமனையில் செலுத்தப்படும் விஷமுறிவு மருந்து பாம்பின் நஞ்சிலிருந்தே ஆக்கப்படுகிறது. இந்தியாவில் அம்மருந்திற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாகச் சேகரித்து அளித்து வருவது, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பழங்குடி மக்களின் கைத்திறனால் உயிர் பிழைத்த உழவர் நம் பகுதியிலும் பலர் இருத்தல் கூடும். மேலும், 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட நரிக்குறவ மக்களின் குடியிருப்புகள் நம் டெல்டா மாவட்டங்களிலேயே உள்ளன. பழங்குடி மக்களின் சுகாதாரம் மலைநாட்டின் பிரச்சினை மட்டும் என்று கருதுவதற்கு இடமில்லை.

சேவாக்கிராமத்தில் வளர்ந்த மருத்துவர்

நாம் காணப்போகும் மருத்துவர் அபய் பங். 1950ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் வார்தாவில் பிறந்தார். தந்தை தாகுர்தாஸ் பங் பொருளாதாரப் பேராசிரியர், சர்வோதயத் தொண்டர். காந்தியடிகள் அமைத்த சேவாக்கிராமச் சூழலில் வளர்ந்த அபய் பங், கைத்தொழிலோடு கல்வி புகட்டும் ஆதாரக் கல்விப் பள்ளியில் பயின்றார். பின்னர் நாகபுரியில் மருத்துவம் கற்றுப் பட்ட மேற்படிப்பையும் முடித்தார். அவருடைய துணைவியார் ராணி பங் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு முடித்தவர். இருவரும் நகரத்தில் தொழில் நடத்தியிருப்பின் பெரும் பொருள் ஈட்டியிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் வார்தாவைச் சூழ்ந்த கிராமங்களிலேயே பணியைத் தொடங்கினர்.

1980களின் தொடக்கத்தில் அபய் பங் செய்த ஓர் ஆய்வு, விவசாயத் தொழிலாளர் மிகுந்த நம் பகுதியினர் அறியத்தக்கது. அக்காலத்தில் மகாராஷ்டிரத்தில் விவசாயத் தொழிலாளருக்கு அரசு வகுத்திருந்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 4 ரூபாய். அக்கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை அவர் ஆராய்ந்தார். கணக்கில் பல பிழைகள் இருப்பதையும், உழைப்பவரின் உணவுத் தேவையை நிறைவு செய்ய 12 ரூபாய் வேண்டியிருப்பதையும் எடுத்துக் காட்டினார். தொழிலாளர் சங்கங்கள் அக்கணக்கைக் கையிலேந்திப் போராடின. முடிவில் கூலி 12 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருந்துப் பெட்டி செய்ய இயலாத நன்மையைச் சரியான கணக்கு செய்தது என்பதை இளம் மருத்துவர் அப்பொழுதே உணர்ந்துகொண்டார்.

கணக்கின் ஆற்றலை உணர்ந்தவர், அதனை முறையாகக் கற்க விரும்பினார். தம்பதியர் இருவரும் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று, 1984ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டம் பெற்றனர். அங்கேயே தங்கிவிடாமல் தாய்நாடு திரும்பினர்.

கட்சிரோலியில் தொடங்கிய தேடல்

மகாராஷ்டிரத்தின் கிழக்கெல்லையில் அமைந்த கட்சிரோலி, 1982ஆம் ஆண்டில் சந்திரபூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டம். பெரும்பகுதி காடு. மக்களில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் கோண்டு முதலிய பழங்குடியினர். வைனகங்கை ஆறு பாயும் அம்மாவட்டத்தில் முதன்மைப் பயிர் நெல். எனவே அங்குள்ள ஏழை உழவரின் ஆண்டுச் சுழற்சி நமக்கும் புரியக்கூடியதே. 1986ஆம் ஆண்டில் தம்பதியர் அங்கே சென்று 'சர்ச்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குத் தேடல் என்பது பொருள். பின்னர் 1993ஆம் ஆண்டில் காட்டை ஒட்டி ஆராய்ச்சிக் கிராமம் என்னும் பொருளுடைய 'ஷோத்கிராம்' என்ற குடியிருப்பை அமைத்தனர்.

அங்கே மருத்துவமனை கட்டுமுன் அவர்கள் செய்த முதற்காரியம், மக்களைக் கேட்டதாகும். மருத்துவமனைக்கு வர நீங்கள் ஏன் அஞ்சுகிறீர்கள் என்று பழங்குடிப் பெரியோர்களிடம் வினவினர். மருத்துவரும் செவிலியரும் வெள்ளாடை உடுத்துகின்றனர். நாங்கள் பிணத்திற்கு உடுத்துவதும் வெள்ளாடையே என்று அவர்கள் கூறினராம். உற்றார் உடன் தங்க இடமில்லை, எங்கள் தெய்வத்திற்கும் அங்கே இடமில்லை என்பன அவர்களுடைய பிற குறைகள். ஆகவே கட்டடம் பழங்குடிக் குடிசைகளின் தோற்றத்தில் அமைக்கப்பட்டது. உறவினர் தங்க வசதி செய்யப்பட்டது. மக்கள் வணங்கும் தந்தேசுவரி அன்னையின் பெயரே மருத்துவமனைக்கு இடப்பட்டது. எந்த நோயை முதலில் எதிர்ப்பது என்பதையும் பழங்குடி மக்களின் கூட்டத்தில் அவர்களையே கூறச் செய்தனர். பயனடைவோரைக் கேளாமல் கட்டிய கட்டடங்கள் பூட்டிக் கிடப்பதை வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோர் யாவரும் கண்டிருப்பர். அவர்களுக்கு இச்செய்தியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெண்கள் கூறாத நோய்

ராணி பங்கின் தலைமையில் இரண்டு கிராமங்களில் 650 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. முன்னர் இதற்காக மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொண்டவர் 8 விழுக்காட்டினரே. 1989ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. ஏழைப் பெண்ணின் சுகாதாரம் என்றால் குடும்பக் கட்டுப்பாடும் பேறுகாலமும் மட்டுமே என்று கருதிவந்த உலகம் தன் கருத்தை மாற்றிக்கொள்ள இவ்வாய்வு பெரிதும் துணை புரிந்தது. மருத்துவமனை ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் இந்நோய்கள் இல்லை என்றே முடிவு கட்டியிருப்பர். ஏட்டில் இல்லாதது ஊரில் இல்லாததாகாது.

மூச்சை எண்ணிய மணிகள்

அடுத்து, குழந்தைகள் எதனால் இறக்கின்றன என்று ஆராய்ந்தனர். குழந்தை இறந்த ஒவ்வொரு வீட்டிற்கும் பயிற்சி பெற்ற பணியாளர் சென்று, நோய் எவ்வாறு தொடங்கியது, மூச்சு எவ்வாறு இருந்தது, காய்ச்சல் எத்தனை நாள் என்று தாயிடம் பரிவோடு விசாரித்து எழுதினர். இதற்கு வாய்மொழி மரண விசாரணை என்று பெயர். நிமோனியா என்னும் நுரையீரல் நோயே குழந்தைகளைப் பெரிதும் மாய்க்கிறது என்று தெரியவந்தது. இதற்கு மருந்து உண்டு, விலையும் குறைவு. ஆனால் சாதாரணச் சளியா நிமோனியாவா என்று அறிய, மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தை ஒரு நிமிடத்தில் 60 முறைக்கு மேலும், அதனினும் மூத்த குழந்தை 50 முறைக்கு மேலும் மூச்சு விட்டால் ஆபத்து என்று கொண்டனர். எழுத்தறியாத மருத்துவச்சியர் பலருக்கோ அவ்வளவு எண்ணத் தெரியாது.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு மிக எளியது. ஒரு சட்டத்தில் மணிகளும், ஒரு நிமிடம் ஓடும் மணற்கடிகையும் பொருத்தப்பட்டன. பத்து மூச்சு எண்ணியதும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணிக்கு முறை வந்துவிட்டால் அது நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்த எவரும் இக்கருவியால் நோயை இனங்காணலாம். கோட்டையில் நெல் அளக்கும்பொழுது மரக்காலுக்கு ஒரு நெல்லை எடுத்து வைத்துக் கணக்கை நினைவிற் கொள்ளும் உழவர்க்கு இதன் நுட்பம் விளக்காமலே விளங்கும்.

பின்னர் ஒரு களச்சோதனை நடந்தது. 58 கிராமங்களில் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளரும் மருத்துவச்சியரும் மருந்து அளித்தனர். வேறு 44 கிராமங்களில் வழக்கமான அரசு வசதிகள் மட்டுமே இருந்தன. இவ்வாறு இருவகை ஊர்களை வைப்பதன் காரணத்தைச் செயல்விளக்கத் திடல் அமைத்த உழவர் நன்கறிவர். புதிய உரமிட்ட வயலில் விளைச்சல் மிகுந்தால், அது உரத்தின் பயனா, நல்ல மழையின் பயனா என்று எவ்வாறு தீர்மானிப்பது? உரமிடாத அடுத்த வயலோடு ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். கட்சிரோலியில் பயிற்சி பெற்றோர் சிகிச்சையளித்த 612 நிமோனியா நோயாளிக் குழந்தைகளில் இறந்தவை 0.8 விழுக்காடே, ஒப்பீட்டு ஊர்களில் அவ்விகிதம் 13.5 விழுக்காடு. 1990ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானது.

பச்சிளங் குழந்தையின் முதல் 28 நாட்கள்

நிமோனியா கட்டுப்பட்ட பின்னரும் ஒரு பெருங்குறை எஞ்சியது. பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. 1993 முதல் 1995 வரை எடுத்த கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 62 குழந்தைகள் முதல் மாதத்திலேயே மடிந்தன. நாற்றங்காலிலேயே நாற்று அழுகினால் பின்னர் எவ்வளவு உரமிட்டும் பயன் என்ன? பிரசவித்த தாயும் சேயும் வீட்டை விட்டு வெளிவரும் வழக்கம் இல்லை; மருத்துவமனையோ தொலைவில் இருந்தது. ஆகவே மருத்துவ உதவியை வீட்டிற்கே கொண்டு செல்வது என்று முடிவு செய்யப்பட்டது.

39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர்கள் ஐந்து முதல் பத்து வகுப்பு வரை படித்தவர்கள். 'ஆரோக்கிய தூதர்' என்று பெயர் பெற்ற இவர்கள், பிரசவத்தின்போது உடனிருந்து, பின்னர் குறித்த நாட்களில் வீட்டிற்குச் சென்று குழந்தையின் எடை, உடற்சூடு, மூச்சு, பால் குடிக்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்து எழுதினர். எடை குறைந்த குழந்தையைக் கதகதப்பாகப் போர்த்துதல், மூச்சு விடாத குழந்தைக்குக் காற்றுப்பை கொண்டு உயிர்ப்பூட்டுதல், கிருமித் தொற்றை இனங்காணுதல் ஆகியவை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. தொற்றுக்குள்ளான குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுமாறு பெற்றோருக்கு முதலில் கூறப்பட்டது. செல்ல இயலாத நிலையில், பெற்றோரின் இசைவு பெற்று ஆரோக்கிய தூதரே ஊசி மருந்து செலுத்தினார். மருத்துவரொருவர் முறையாக ஊர்களுக்குச் சென்று அவர்களுடைய பதிவுகளையும் பணியையும் சரிபார்த்தார்.

மூன்றாம் ஆண்டின் முடிவில் அந்த 39 கிராமங்களில் முதல் மாத மரண விகிதம் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டிற்கு வைத்த 47 கிராமங்களில் அது ஏறத்தாழ 60 என்ற அளவிலேயே நின்றது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கணித்தபொழுது, மரணம் 62 விழுக்காடு குறைந்தது புலனாயிற்று. 1999ஆம் ஆண்டு டிசம்பரில் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும், பிறந்த குழந்தையை வீட்டிற்கே சென்று பார்க்கும் முறையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தன. 2011ஆம் ஆண்டில் இந்திய அரசு இதனை நாடு தழுவிய திட்டமாக ஏற்றது. ஒரு மாவட்டத்தின் எண்பத்தாறு கிராமங்களில் எடுத்த கணக்கு இந்நாட்டின் கோடிக்கணக்கான தாய்மாரின் வாசலுக்கு ஒரு பணியாளரைக் கொண்டு வந்தது.

அபய் பங் பின்னர் 2013ஆம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த பழங்குடி மக்கள் சுகாதார நிபுணர் குழுவின் தலைவரானார். அக்குழுவின் அறிக்கை 2018ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் தம்பதியர் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் மாநிலத்திலும் இத்தகைய தொண்டுக்குக் குறைவில்லை. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993ஆம் ஆண்டு குடியேறிய மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும், பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்து மருத்துவமனை நடத்தி வந்தனர். நோயாளியைத் தேடி வீட்டிற்கே செல்லும் முறையை 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் நாம் காண்கிறோம்.

நம் ஊராட்சிகள் கொள்ளத்தக்க பாடம்

கட்சிரோலியில் செய்தது போன்று ஊர்ப் பெண்கள் ஊசி போட வேண்டும் என்பது இங்கே பாடமன்று. நம் பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அருகிலேயே உள்ளன. பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. 2020ஆம் ஆண்டின் கணக்கின்படி தமிழ்நாட்டில் சிசு மரண விகிதம் ஆயிரத்திற்கு 13, இந்தியாவில் 28. நாம் பெருமை கொள்ளத்தக்க நிலை இது. ஆயினும் சராசரி என்பது பள்ளத்தையும் மேட்டையும் சமன் செய்து காட்டுவது. மாவட்டத்தின் சராசரி நன்றாக இருப்பினும், ஒரு குடியிருப்பில், ஒரு பிரிவினரிடத்தில் மரணம் மிகுந்திருத்தல் கூடும். அதனை அந்த ஊரார் எண்ணினாலன்றி வேறெவரும் அறிய இயலாது.

பாம்புக்கடியை உதாரணமாகக் கொள்வோம். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் துணையுடன் நடந்த ஒரு பெரும் ஆய்வில், இறந்தவர் வீடுகளிலேயே வாய்மொழி விசாரணை செய்யப்பட்டது. 2005ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 46,000 பேர் பாம்பு தீண்டி இறந்தனர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைகளின் வாயிலாக அரசுக்குத் தெரிந்த எண்ணிக்கை அதில் ஒரு சிறு பங்கே. காரணம், இறந்தவர்களில் 77 விழுக்காட்டினர் மருத்துவமனைக்கு வெளியே மாண்டவர்கள். இறந்தோருள் பெரும்பாலோர் கிராமத்தவர். மழைக்காலத்தில் மரணம் மிகுதி. நடவு, களை, அறுவடை என்று வயலிலும் வரப்பிலும் வாழும் நம்மவருக்கு இதனினும் நெருங்கிய ஆபத்து வேறென்ன? தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. மருத்துவமனைக்கு வந்தவர் கணக்கு இதனால் கிடைக்கும். மந்திரிக்கச் சென்றும், கடிவாயைக் கீறியும், கயிற்றால் இறுகக் கட்டியும் காலம் கடத்தி வழியில் மாண்டவர் கணக்கு ஊரிலிருந்துதான் வர வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை கீழே தரப்படுகின்றன.

1. பதிவு: 1969ஆம் ஆண்டின் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். பிறந்த சில மணி நேரத்தில் இறந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு ஆகிய இரண்டும் பதிவாதல் அவசியம். வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் விடுபட்டவை உண்டா என்று மாதந்தோறும் விசாரித்துக் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிக்கலாம்.

2. ஒப்பீடு: கிராம சுகாதாரச் செவிலியரின் ஏடு, அங்கன்வாடியின் ஏடு, பிறப்பு இறப்புப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு இருமுறை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஓர் ஏட்டில் இருந்து மற்றோர் ஏட்டில் இல்லாத பெயரே நாம் தேடும் பெயர். தனித்திருக்கும் காலனிகளும் நரிக்குறவர் குடியிருப்புகளும் விடுபடாதவாறு பார்த்துக்கொள்க.

3. காரணம்: ஒவ்வொரு சிசு மரணத்திற்கும், பாம்புக்கடி மரணத்திற்கும், காய்ச்சல் மரணத்திற்கும் என்ன நடந்தது என்று செவிலியரைக் கொண்டு விசாரிக்கச் செய்க. எவர்மீதும் பழி சுமத்துவது நோக்கமன்று. எத்தனை மணிக்கு ஆபத்து தெரிந்தது, வாகனம் எப்பொழுது கிடைத்தது, எந்த மருத்துவமனையை எப்பொழுது அடைந்தனர் என்ற மூன்று வினாக்களே பல உண்மைகளைப் புலப்படுத்தும்.

4. கணக்கைப் படித்தல்: இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 2,000 பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 28 குழந்தைகள் பிறக்கலாம். அவற்றுள் ஒன்று இறந்தால் ஆயிரத்திற்கு 36 என்று கணக்கு வரும். அடுத்த ஆண்டு ஒன்றும் இறவாவிடில் சுழியாகும். ஓராண்டின் எண்ணைக் கொண்டு அஞ்சவோ மகிழவோ வேண்டியதில்லை. ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தலும், அண்டை ஊர்களோடு சேர்த்து ஒன்றிய அளவில் பார்த்தலும் நலம். ஒரே பருவத்து விளைச்சலைக் கொண்டு நிலத்தை மதிப்பிடுவாரில்லை.

5. மக்கள் முன் வைத்தல்: வரவு செலவை வாசிப்பது போன்றே, பெயர்களைக் கூறாமல் எண்ணிக்கையை மட்டும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் சபைகள் இதற்கு ஏற்றவை. துயருற்ற குடும்பத்தின் மனம் புண்படாமல் இதனைச் செய்வது ஊர்ப் பெரியோர்களின் கடமை.

கணக்கு வாசித்ததோடு பணி முடிந்துவிடாது. பாம்புக்கடி மிகுந்த ஊரில் களத்துமேட்டிற்கும் வாய்க்கால் கரைக்கும் விளக்கு அமைக்கலாம். இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் கைவிளக்கும் காலணியும் கொண்டு செல்லுமாறு வற்புறுத்தலாம். பாம்பு தீண்டினால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும், கீறுதலும் உறிஞ்சுதலும் கட்டுதலும் கூடா என்பதை நடவு தொடங்குமுன் ஊரறியச் செய்யலாம். விஷமுறிவு மருந்து அருகில் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. அடுத்த ஆண்டின் கணக்கு இவற்றின் பயனைக் காட்டும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. நட்டம் தெரிந்துவிடும் என்ற அச்சமே அதன் உட்பொருள். மரணக் கணக்கிலும் அவ்வச்சம் உண்டு. எண்ணத் தொடங்கிய முதல் ஆண்டில் எண்ணிக்கை கூடியதாகவே தோன்றும். முன்னர் மறைந்திருந்தவை வெளிப்படுவதால் நேர்வது அது. எனவே அதற்காக எந்தப் பஞ்சாயத்தும் நாண வேண்டியதில்லை, எந்த அலுவலரும் சினங்கொள்ளவும் கூடாது. கட்சிரோலியில் ஆயிரத்திற்கு 62 என்ற எண்ணை மறைக்காமல் எழுதியதால்தான் பின்னர் 25 என்ற எண்ணை எழுத முடிந்தது.

அபய் பங்கும் ராணி பங்கும் பெரும் பல்கலைக்கழகத்தில் கற்றவர்கள். எனினும் வீடு வீடாகச் சென்று எண்ணியவர்கள், மணி தள்ளி மூச்சளந்தவர்கள், நள்ளிரவில் தாயின் குடிசையில் விழித்திருந்தவர்கள் பலரும் ஊர்ப் பெண்களே. அத்தகையோர் நம் சுய உதவிக் குழுக்களிலும் பஞ்சாயத்துகளிலும் நிறைந்திருக்கின்றனர். அடுத்து வரும் கிராம சபையின் நிகழ்ச்சி நிரலில் 'ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கு' என்ற ஒரு பொருளைச் சேர்க்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களையும், அதனைக் கேட்டுப் பெறுமாறு உழவர் பெருமக்களையும் வேண்டிக்கொள்கிறேன்.